சாயங்காலத் தண்ணீர்

அணை மின்சாரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை விலை வைக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. சென்னையில், நாலாவது மாடியில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவளே நான்தான். அதற்கு மேல் கல்லூரி, கணக்குப் படிப்பு, போட்டித் தேர்வு எல்லாம் நானாகத் தேடிப் போனவை. வேலை கிடைத்ததும் அம்மா அடி அண்ணாமலை முழுக்க, "எம் பொண்ணு கரண்டுக்கு வெல வெக்கிறா" என்று சொல்லிவைத்தாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தெருக்காரர்கள் கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "இவ்ளோ ஜாஸ்தி போட்டிருக்கியேம்மா, நம்ம ஊரு ஆளுங்களுக்குக் கொஞ்சம் கம்மி பண்ணக் கூடாதா?"

நான் பார்ப்பது அந்த விலை இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் மாவட்டத்து அணையின் அடியில் ஒரு சின்ன மின்நிலையம் இருக்கிறது. பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீர், கால்வாய்க்குப் போகிற வழியில் அங்கே சக்கரங்களைச் சுற்றிவிட்டுப் போகும். அதில் கிடைக்கும் மின்சாரத்தை யூனிட் என்ன விலைக்கு வாங்குவது என்பதுதான் கேள்வி. மின்நிலையத்தை நடத்துகிறவர்கள் ஒரு விலை கேட்பார்கள். எங்கள் அலுவலகம் அவர்களுடைய செலவைச் சரிபார்க்கும். பிறகு ஒரு நாள், விலையை முடிவு செய்கிற குழு உட்கார்ந்து பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். அதன்பின் உத்தரவு வரும். வந்துவிட்டால் அடுத்த ஆண்டுவரை அதை யாரும் அசைக்க முடியாது.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, மின்நிலையத்தார் புதிதாக ஒன்று கேட்டார்கள். சாயங்கால மின்சாரத்துக்குக் கூடுதல் விலை, மற்ற நேரத்துக்குக் குறைந்த விலை. எல்லா வீட்டிலும் விளக்கு, மின்விசிறி, டிவி ஓடுகிற நேரத்தில்தான் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் தண்ணீரைத் திறந்து சக்கரத்தை ஓட்டினால் எல்லோருக்கும் நல்லது என்றார்கள். நான் கணக்கைச் சரிபார்த்தேன். பிழை எதுவும் இல்லை.

"தண்ணி அதே தண்ணிதான்மா. திறக்கிற நேரம் மட்டும்தான் மாறுது" என்றார் எங்கள் அதிகாரி. நல்ல மனிதர். யாரையும் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை.

காகிதத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் என் அக்காவை அந்தக் கால்வாயின் கடைசி ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். கடைமடை. பகலும் இரவும் விடாமல் ஓடினால்தான் அங்கே தண்ணீர் போய்ச் சேரும். தினமும் சாயங்காலம் மட்டும் திறந்து மூடினால், காய்ந்து கிடக்கும் கால்வாய் முதலில் குடிக்கும், அதற்குப் பிறகு வழியில் இருக்கிற வயல்கள் குடிக்கும். கடைசியில் இருப்பவர்களுக்கு ஈரம்தான் மிஞ்சும். அக்கா அப்போதுதான் சொந்த நிலத்தோடு பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து நெல் போட ஆரம்பித்திருந்தாள். மாமாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடலாம் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் வரும் என்று சொல்லிச் சொல்லித்தான் அக்கா அவரை ஊரில் நிறுத்தி வைத்திருந்தாள்.

அதிகாரியிடம் போய் என் அக்கா அங்கேதான் இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சொன்னது நல்லது. இந்தக் கோப்புல இனிமே நீங்க கருத்து எதுவும் எழுதக் கூடாது. கூட்டத்துலயும் பேசக் கூடாது, அவங்களுக்காக எழுதியும் குடுக்கக் கூடாது. ஆனா உங்க அக்கா வந்து பேசலாம். பேசணும். அதுக்குத்தானே கூட்டமே."

அதுவரை கூட்டங்கள் எல்லாம் சென்னையில்தான் நடந்தன. அணைத் தண்ணீரில் பயிர் வைக்கிறவர் ஒருவர்கூட வந்ததில்லை. இந்த முறை திருவண்ணாமலையிலேயே வைக்கலாமே என்று கேட்டேன். அவர் குழுவிடம் கேட்டார். குழு ஒப்புக்கொண்டது. என் வார்த்தையால் ஒரு கூட்டம் ஊர் மாறுகிறது என்று அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எழுதிக் குடுக்கணுமா, பேசணுமா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் பண்ணலாம்க்கா. ஊர்ல யாரையாவது எழுதச் சொல்லி அனுப்பிடு. பத்திரமா இருக்கும்."

"எழுதினா எவனோ படிச்சிட்டு மடிச்சி வெச்சிடுவான். நேர்ல போய் நின்னா காதுல வாங்கித்தானே ஆவணும்? நானே வரேன்."

அதற்குப் பிறகு தினமும் போன்தான். "அவங்கள இன்னான்னு கூப்புடறது? ஐயாவா, சாரா?" தலைவர் அவர்களே என்று ஆரம்பி என்றேன். "அது ஓட்டு கேக்க வர்றவன் பேசறது. எனக்கு வாயில வராது போடி" என்று சிரித்தாள். ஆனால் ஆடு கட்டும்போதும் சோறு வடிக்கும்போதும் பேசிப் பார்ப்பதாக அக்கா மகள் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

தேதி குறித்து நாளிதழில் அறிவிப்பு வந்தது. அறையில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். மாசிப் பௌர்ணமி.

தேதி குறிக்கும் வேலையைப் பார்த்தது வேறு பிரிவு. மண்டபம் எந்த நாளில் காலியாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு நாள்தான் காலியாக இருந்திருக்கிறது. ஏன் காலியாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. திருவண்ணாமலையில் பிறந்த யாரும் பௌர்ணமியன்று நகரத்துக்குள் ஒரு காது குத்தலைக்கூட வைக்கமாட்டார்கள். நான் அதிகாரியிடம் ஓடினேன்.

"கிரிவலம் ராத்திரிதானேமா? நம்ம கூட்டம் காலைல பதினொரு மணிக்கு."

"இந்தப் பௌர்ணமி காலைலயே ஆரம்பிக்குது சார். விடியறதுக்கு முன்னாடியே பஸ்ஸை எல்லாம் வெளியிலயே நிறுத்திடுவாங்க."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அறிவிப்பு வந்தாகிவிட்டது. தேதியை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து அறிவித்துக் காத்திருக்கவேண்டும், புது விலை தொடங்க வேண்டிய ஏப்ரலுக்குள் உத்தரவு வராது. அவர் மேலே கேட்டுப் பார்த்தார். மாற்றவில்லை.

அக்காவோ சந்தோஷப்பட்டாள். "நல்லதாப் போச்சு பாப்பா. கூட்டத்துக்குன்னு கூப்பிட்டா ஒருத்தரும் வரல. வேலை கெட்டுப் போவுதுங்கறாங்க. பௌர்ணமின்னதும் வேனே ரொம்பிப் போச்சு. பேசிட்டு அப்படியே மலைய சுத்திட்டு வந்துடறோம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. சீக்கிரம் கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னேன். ஆனால் கிரிவலத்துக்கு வருகிறவர்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களைப்போலக் கிளம்புவார்களா? தலைக்குக் குளித்து, வீட்டில் விளக்கேற்றி, வழிக்குப் புளிச்சோறு கட்டி, தேங்காய் வாங்கி, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து கிளம்பியிருக்கிறார்கள்.

அன்று காலை மண்டபத்தில் பெயர்ப் பலகைகளை மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தேன். குழுவின் கார் போலீஸ் அனுமதிச் சீட்டோடு நேரத்துக்கு வந்துவிட்டது. மின்நிலையத்தார் முந்தின நாளே வந்து லாட்ஜில் தங்கிவிட்டார்கள். எதிரே இருந்த நாற்காலிகளில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். தன் வீட்டு மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று புகார் சொல்ல வந்தவர். இது அந்தக் கூட்டம் இல்லை என்று சொன்னதும், "இத வெளிய போர்டுல எழுதக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த காபியை முழுதும் குடித்த பிறகு போனார்.

அக்கா போன் செய்தாள். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"தண்டராம்பட்டு ரோட்டுல வெளியவே நிறுத்திட்டான்டி. வேன் உள்ள வுட மாட்டானாம். மீட்டிங்குக்குப் போறோம்னு சொன்னேன். போலீஸ்காரர், 'எல்லாரும் சாமியோட மீட்டிங்குக்குத்தான் வர்றாங்க, நடங்கம்மா'ங்கறாரு."

"ஆட்டோ கிடைக்குமான்னு பாருக்கா."

"ஆட்டோவே ஜனத்துக்கு நடுவுல நவுராம நிக்குது. நான் நடந்தே வரேன். அவங்கள இருக்கச் சொல்லு."

அதிகாரியின் காதில் சொன்னேன். அவர் போய்க் குழுத் தலைவர் காதில் சொன்னார். தலைவர் தலையசைத்தார். அவர்கள் காத்திருந்தார்கள், அதை நான் சொல்லியாக வேண்டும். மின்நிலையத்தார் படம் போட்டு விளக்கியதை இன்னொரு முறை விளக்கச் சொன்னார்கள். டீ வந்தது. பிஸ்கட் வந்தது. ஓட்டுநர் உள்ளே வந்து, இப்போது கிளம்பாவிட்டால் நாளைக் காலைதான் ஊரை விட்டு வெளியேற முடியும் என்றார். கருத்துச் சொல்ல வேறு யாரும் இருக்கிறார்களா என்று தலைவர் மைக்கில் கேட்டார். நாற்காலிகளைப் பார்த்துத்தான் கேட்டார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். என் அக்கா என்ன சொல்ல வருகிறாள் என்பது எனக்கு வரி வரியாகத் தெரியும். வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை.

அக்கா வந்தபோது நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வேனில் வந்த மற்றவர்கள் கிரிவலப் பாதைக்குப் போய்விட்டார்கள், அவள் மட்டும் வந்திருந்தாள். செருப்பை வேனிலேயே விட்டிருந்தாள். தார் ரோட்டில் நடந்த கால் சிவந்திருந்தது. பட்டுப்புடவை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"எங்கடி அவங்க?"

"போயிட்டாங்கக்கா. ரொம்ப நேரம் பார்த்தாங்க."

அவள் சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். பிறகு மேடையருகே போனாள். "இங்கதான் நின்னு பேசறதா?" என்றாள். மைக்கை அணைத்துவிட்டார்கள். அதன் முன்னால் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஐயா, எனக்குப் பெருசா பேசத் தெரியாது. கடைமடையில கீறேன். எங்க வூட்டுக்காரரு பெங்களூருக்குப் போலாம்ங்கறாரு. தண்ணி வரும், இருங்க, ஒரு போகம் எடுத்துக் காட்டறேன்னு நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். நீங்க சாயங்காலம் மட்டும் தொறந்தா எங்க ஊருக்கு வந்து சேராது. அப்புறம் அவரண்ட நான் இன்னான்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க. கரண்டு எங்களுக்கும் வேணும். வேணாம்னு சொல்லல. கொஞ்சமாவது பகல்லயும் வுடுங்க. அவ்ளோதான்."

நாற்காலி அடுக்கியவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லா பேசினக்கா" என்றார்.

"கேக்க வேண்டியவங்க கேக்கலியே" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இத எழுதிக் குடுத்துடேன் பாப்பா."

"நான் எழுதக் கூடாதுக்கா. கூட்டம் முடிஞ்சதோட எழுதிக் குடுக்கற நேரமும் முடிஞ்சிடுச்சு."

"இவ்ளோ படிச்சவ, எழுதக் கூடாதா?" கோபமாகக் கேட்கவில்லை. அப்படியும் ஒரு வேலை இருக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த வேலையைப் பற்றி அதற்குமுன் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

மார்ச் கடைசியில் உத்தரவு தயாரானது. சுத்தப் பிரதி எடுப்பது என் வேலை. பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை எதுவும் பெறப்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. அது பொய் இல்லை. நான் திருத்த அதில் எதுவும் இல்லை. அந்தப் பக்கத்திலேயே நான் நின்றுவிட்டதை அதிகாரி கவனித்தார். "வருஷா வருஷம் வெக்கிற விலைதானேமா. அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார்.

நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு வருஷம்தானே என்று அக்காவிடமும் சொன்னேன்.

மழைக்குப் பிறகு அணையைத் திறந்தார்கள். சாயங்காலத்தில்தான். அக்காவின் நாற்றங்காலுக்கு முதல் வாரம் கொஞ்சம் தண்ணீர் வந்தது, அப்புறம் வரவில்லை. பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் கேட்டு சில நாள் இறைத்தாள். நாற்று மஞ்சளாகி, ஓரத்திலிருந்து காய்ந்தது. மாமா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை என்று அக்கா சொன்னாள். பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாமாம். பேசாமல் பையை எடுத்து வைத்தாராம். குத்தகையை விட்டுவிட்டு, ஆடுகளை விற்றுவிட்டு, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த முறை கூட்டத்துக்கு முன் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "இந்தத் தடவை தேதியை நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா." சொன்னேன். அதே மண்டபம். நாற்காலி போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். கடைமடைக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசினார்கள். தலைவர் குறித்துக்கொண்டே இருந்தார். பகலிலும் தண்ணீர் ஓடும்படி விலையை மாற்றியமைக்கச் சொல்லலாம் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார்.

நான் வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். சிமெண்டு கலக்கும் இயந்திரம் ஓடுகிற சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினாள்.

"நெறைய பேரு வந்தாங்களா?"

"மண்டபம் கொள்ளலக்கா. மாத்திடுவாங்க போல கீது. இனிமே உங்க ஊருக்குத் தண்ணி வந்துடும்."

"வரட்டும், நல்லா இருக்கட்டும்."

"நீ வந்துடுக்கா. மாமா கிட்ட நான் பேசறேன்."

"எங்க வர்றது? நெலத்த வேறவங்க எடுத்துக்கினாங்க. புள்ளைய இங்க பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. கன்னடத்துல பாட்டெல்லாம் பாடுது தெரியுமா?" என்று சிரித்தாள். "நல்லா படிக்கிறாடி. உன்னாட்டம் வருவா."

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. வரேன் மேஸ்திரி என்று அவள் கத்தினாள்.