அரை முழம் பூவும் சின்னுச்சாமி அண்ணனும்

சின்னுச்சாமி அண்ணன் இறந்துவிட்டார்.

மூன்று நாள் ஆகிறதாம். எனக்கு இன்று காலையில்தான் தெரியும்... அதுவும் துக்கம் கேட்கக் கூப்பிடவில்லை. எங்கள் பூனை பஞ்சு விடாமல் குமட்டுகிறது என்று சொல்லத்தான் அவருக்குப் போன் போட்டேன்.

எடுத்தது அவர் மனைவி. "அவரு இல்லீங்க கண்ணு... நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போறக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க."

பஞ்சு குமட்டுகிறது என்று பாதி சொல்லி நிறுத்திவிட்டேன். அந்த அக்காவேதான் கேட்டார். "பூனைக்கு என்னங்க? ஏதாச்சும் தின்னுச்சுங்களா? வெளிக்குப் போச்சுங்களா? நாக்குக்கு அடியில பாத்தீங்களா?"

அண்ணன் கேட்கும் அதே மூன்று கேள்வி. அதே வரிசை.

"இத்தன வருசமா பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன்... மொதல்ல டாக்டருகிட்ட தூக்கிட்டு ஓடுங்க கண்ணு."

இதை கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஞ்சு கூடைக்குள் முதுகைக் கூனிக்கொண்டு இருக்கிறாள். ஸ்கேனுக்கு எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மதுக்கரை ரோட்டில் இருக்கும் இந்த கிளினிக்கில் அண்ணன் கம்பவுண்டர். டாக்டர் ஊசி போடும்போது நாய், பூனைகளைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. அழுகிற எங்களைப் பிடித்து நிறுத்துவதும் அவர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் பஞ்சு இதே மாதிரி குமட்டினாள். முடி உருண்டைதான், தானாக வந்துவிடும் என்று எங்கேயோ படித்துவிட்டு, விளக்கெண்ணெய் ஊற்றி, திருநீறு பூசி, இரண்டு நாள் காத்திருந்தேன்... இரண்டு நாள்!

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கைச் சுற்றி வெள்ளையாக ஒரு நூல். நான் பதறிப்போய் இழுக்கக் கை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இழுக்காதீங்க அம்மணி! அந்த முனை கொடல்ல இருக்குது. இழுத்தா அறுத்துப்போடும்."

ஆபரேஷன். வெளியே எடுத்த நூலில் ஒரு மல்லிக் காம்பு இன்னும் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை முருகனுக்கு நான் என் கையால் கட்டிப் போட்ட பூ.

சாமிக்குச் செய்தது இப்படி ஆகிவிட்டதே என்று நான் அழ, அண்ணன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "முருகன் உங்ககிட்ட நூலா கேட்டாரு? உதிரிப்பூவாப் போடுங்க. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

அன்றிலிருந்து எங்கள் பூஜை அறையில் உதிரிப்பூதான்.

விளக்கெண்ணெய்க்குத் தனியாகத் திட்டு விழுந்தது. "வாயில ஊத்துனா நுரையீரலுக்குப் போயிருமுங்க. முடி வராம இருக்கோணும்னா தெனமும் சீவி உடுங்க. வெளக்கு பொருத்தறதுக்கு முந்தி பத்து நிமிசம், அதுவும் ஒரு பூசைதான்."

பஞ்சு எப்போது வாந்தி எடுத்தாள், என்ன நிறம், முன்னால் என்ன தின்றாள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னார். "சார், கணக்குப்பிள்ள அம்மணி வந்துட்டாங்க. நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம், எல்லாம் இதுலயே இருக்குது."

போனை வைக்கும்போது ஒன்று மட்டும் தவறாமல் சொல்வார். "அப்பறம் என்னாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது."

நேற்று கிருத்திகை. பவானியில் இருந்து நாத்தனார் வந்தார், கட்டின மல்லியோடு. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது... வாங்கி முழம் போட்டுப் பார்த்தேன். இரண்டு முழம். "சாமி பூவையும் அளந்துதான் வாங்குவியாக்கும்!" என்று சிரித்தார்.

முருகன் படத்துக்குப் போட்டதைச் சாயங்காலமே கழற்றி வைக்க நினைத்தேன். மறந்துவிட்டேன்.

காலையில் பூ தரையில் கிடந்தது. அளந்து பார்த்தால் ஒன்றரை முழம்தான். பஞ்சு மூலையில் வெறும் நுரையாகக் கக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில், கோலமாவு டப்பாவுக்குப் பின்னால், குப்பைக் கூடையில்... எங்கேயும் அந்த அரை முழம் இல்லை.

கட்டினது நூலிலா, வாழை நாரிலா என்று கேட்க நாத்தனாரை மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அண்ணன் உட்காரும் ஸ்டூலில் யாரோ ஒரு ஃபைலை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன். கந்த சஷ்டி சொல்லப் பார்த்தால் பாதியில் வரி தப்புகிறது.

கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

...

மாலை ஆறு மணி. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

டாக்டர் முதலில் நாக்குக்கு அடியில்தான் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஸ்கேனிலும் நூல் இல்லை. வயிற்றில் முடி. ஊசி போட்டு, மருந்து கொடுத்து, நாளைக்கும் வரச் சொன்னார்.

வெளியே வரும்போது நாத்தனார் போன். "அந்த அர முழமா? சாமி பூவாச்சேன்னு நாந்தான் கிள்ளித் தலைல வெச்சுட்டு பஸ் ஏறுனேன். சொல்ல மறந்துபோட்டேன். ஏன் அம்மணி, அழுவுறயா என்ன?"

பஞ்சு சற்று முன் கக்கிவிட்டாள். சுண்டுவிரல் நீளத்துக்கு, திரி மாதிரி. அதுவும் நாத்தனார் கொண்டு வந்த பவானி ஜமக்காளத்தின் மேலேயே. இப்போது தண்ணீர் குடிக்கிறாள்.

அந்த அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"செரிங்க கண்ணு... அவரு படத்துக்கிட்டச் சொல்லிப்போடறேன்."

நானும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, நூல் இல்லைங்க. முடிதான்.