கிளிக்குக்கு ஆடிய காவடி

டேப்லட்டில் நான் போட்ட தாளத்தையும், கணினியில் பதிவு செய்யும் மென்பொருளையும் காலை முழுக்க மல்லுக்கட்டி ஒரே வேகத்தில் ஓடவைத்துவிட்டேன்.

மதியம் நண்பன் மூர்த்தி உறுமியோடு குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். வேகம் பிசகாமல் வாசிக்க, ஹெட்போனில் சீராக அடிக்கும் கிளிக் சத்தத்தைக் கொடுத்தேன். நாலே சுற்றில் அதைத் தாண்டிப் பறந்துவிட்டான்.

“மச்சான், கிளிக்க கேட்டு வாசி லா!”

“காவடி எடுக்குறவன் காலப் பாத்தாதான்டா எனக்குக் கை ஓடும். இங்க கால் எங்க இருக்கு?”

வேறு வழியில்லை. ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டு, கிளிக்குக்குத் தகுந்தபடி அவன் முன்னால் ஆடினேன். அவன் வாசிப்பில் ஒரு அடிகூடப் பிசகவில்லை.

ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: “என்ன தம்பி, வேண்டுதலா?”

டேப்லட், கணினி, உறுமி மூன்றும் சேர்ந்துவிட்டன. ஆடி முடித்த பிறகும் என் முழங்கால் மட்டும் தனியாக ஓடுகிறது.

அதற்கு எந்த செட்டிங்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.