மிஷேல் பாடாமல் போன முடிவு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கலாம், பரவாயில்லை, ஆனால் நோணாங்குப்பம் படகில் பட்டப்பகலில் நடந்ததை என்னால் இல்லையென்று சொல்ல முடியாது.

கல்லூரி முடித்த வருஷம் நாங்கள் மூன்று பேர் ‘உப்புக்காத்து’ என்று ஒரு பேண்டு வைத்திருந்தோம். மிஷேல் கிதார், செல்வம் டிரம்ஸ், நான் பாட்டு. உப்பளம் ஏரியாவில் செல்வம் வீட்டுக் கார் ஷெட்டில்தான் பயிற்சி. ஒரே ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்தோம், அங்கேயும் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் மிஷேல் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனான், பேண்டு அதோடு சரி. அவன் போட்ட ஒரு மெட்டு மட்டும் முடிவு கிடைக்காமல் அந்தரத்தில் நின்றது. அதை நாங்கள் மேடையில் பாடியதில்லை, பதிவு செய்ததுமில்லை.

பல வருஷம் கழித்துத் திடீரென்று போன் செய்தான். “அந்த மெட்டுக்கு முடிவு கெடச்சிடுச்சு. இப்ப பாடமாட்டேன், நேர்ல வந்து பாடுறேன்” என்றான். வரவில்லை. அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டான் என்று செல்வம்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பம் படகுத்துறையிலிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் படகில் போனேன். எதிரே ஒரு பெண், மடியில் மூன்று வயதுக் குழந்தை. படகு கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் குழந்தை ஏதோ முனகத் தொடங்கியது. முதலில் கவனிக்கவில்லை, பிறகு காது கொடுத்துக் கேட்டேன். எங்கள் மெட்டு! நாங்கள் நின்ற இடத்தில் நிற்காமல், கொஞ்சம் கீழே இறங்கி, மெல்லத் திரும்பி, இவ்வளவு சுலபமாகவா என்று தோன்றுகிற மாதிரி வந்து முடிந்தது. அத்தனை அழகு.

“யாரும்மா சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டேன். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

“இவ இன்னும் வாயே தொறக்கலக்கா. அம்மான்னுகூட சொன்னதில்ல. டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் இருக்கோம். இப்பதான் மொத தடவ சத்தம் வருது.”

வீட்டுக்கு வந்ததும் பிரான்சில் இருக்கும் மிஷேலின் மனைவியைக் கூப்பிட்டு, அந்த முடிவை மட்டும் பாடிக் காட்டினேன். 

“கடைசியா இததான் வீட்டுக்குள்ள பாடிக்கிட்டே திரிஞ்சாரு. உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

அந்தக் குழந்தை இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். அன்று படகிலேயே முகவரி வாங்கி வைத்திருந்தேன், எப்போதாவது பார்க்கப் போவேன். அந்த மெட்டு அவளுக்கு ஞாபகமே இல்லை, பாடிக் காட்டினாலும் அவள் பாட்டுக்கு விளையாடுகிறாள். முடிவு வரும்போது மட்டும் பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நிற்கிற யாரையோ நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள்.