கொக்கக்காவின் இடது கால்

நான் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மடிப்பு மேஜைக்கு முன்னால் பழைய கம்பளி ஒன்று நான்காக மடித்துப் போட்டிருந்தது. அங்கே சிமெண்டுத் தரை. எந்நேரமும் ஈரம் கசியும். காலை ஏழு மணிக்கு ஏறி நின்றால் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் இறங்கலாம். கம்பளிமேல் நின்றதால் எனக்கு ஈரமும் தெரியவில்லை, தரையின் கடுமையும் தெரியவில்லை. மேஜையோடு சேர்த்துக் கொடுத்தது என்றே நினைத்தேன். நல்ல இடத்தில்தான் கடவுள் கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் பிரஸ் மெஷினில் நின்ற அக்கா, நான் வருவதற்கு முந்தின நாள் வரை அந்தக் கம்பளிமேல் நின்றவர். புதிதாக வருகிறவளுக்குக் கால் பழக ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, தன் காலடியிலிருந்து உருவி என் மேஜைக்கு முன்னால் போட்டிருக்கிறார். ஒரு வாரம் முடிந்ததும் திருப்பிக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்து நானே கொண்டுபோய்க் கொடுத்தபோதும் வாங்கவில்லை. வெறுந்தரையே பழகிவிட்டதாம், கம்பளியில் நின்றால் வழுக்குகிறதாம். நானும் நம்பிவிட்டேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அவரை எல்லோரும் கொக்கு என்பார்கள். சிறியவர்களுக்குக் கொக்கக்கா. பட்டப்பெயருக்குக் காரணம் அந்த மெஷின்தான். ஆஸ்பத்திரி டாக்டர்களின் வெள்ளைக் கோட்டை அதன் மெத்தைமேல் விரித்து, வலது காலால் மிதியை அழுத்தினால் மேல் தட்டு இறங்கும். நீராவி புஸ்ஸென்று வரும். அது தணியும் வரை மிதியை விடக்கூடாது. அத்தனை நேரமும் உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில், அதுவும் முன்னால் குனிந்து நிற்பதால் விரல்களுக்குக் கீழே இருக்கும் அந்த மேட்டில். ஒரு கோட்டுக்கு ஐந்து மிதி. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கோட்டு. பத்தொன்பது வருடம்.

"கொக்கு ஒத்தக்கால்ல நின்னா மீனாவது மாட்டும். நான் நின்னா டாக்டர் கோட்டுதான் மாட்டுது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்பார் என்பதால் சாந்தமானவர் என்று நினைத்துவிட வேண்டாம். கோட்டைச் சுருட்டி எறிந்தால், ஆஸ்பத்திரித் துணி கொண்டுவரும் வேன்காரரைக் கூடத்தின் நடுவிலேயே நிறுத்தி வைத்துப் பேசுவார். ஒரு சொல் சொன்னால் திரும்ப எடுக்க மாட்டார். யாரிடமும் உதவி கேட்கவும் மாட்டார்.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் நான்கு அறைகள் உண்டு. மெஷின்காரர்களுக்கு மட்டும். பாய்லர் சூடானதும் வந்து நிற்க வேண்டியவர்கள் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. மெஷின் யாருக்கோ அறை அவருக்கு. மடிப்பு மேஜைக்கு வந்தாலும் சரி, வேலையை விட்டாலும் சரி, அறை போய்விடும். மூன்றாவது அறையில் கொக்கக்கா தன் சொந்த அக்காவோடு இருந்தார். அவரை நாங்கள் பெரியக்கா என்போம். இரண்டு கண்ணிலும் பார்வை இல்லாதவர். நடுவயதில் போன பார்வை.

ஆனால் அந்த அறைக்குள் பெரியக்காவைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. கட்டிலிலிருந்து அடுப்புக்கு நான்கு எட்டு. கதவைத் தாண்டிக் குழாய்க்கு ஒன்பது எட்டு, ஏழாவது எட்டில் ஒரு சின்ன மேடு. எந்த ஆணியில் எந்தத் துணி என்று தெரியும். நாங்கள் பொத்தான் அறுந்த கோட்டுகளை மத்தியானம் அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். பொத்தான் டப்பாவை மடியில் வைத்து விரலாலேயே அளவு பார்த்துத் தைத்துத் தருவார். கோட்டைத் தடவிப் பார்த்து, இது குண்டு டாக்டருடையது, பாவம் மூச்சு வாங்கியே பொத்தானை அறுத்துவிடுகிறார் என்பார். பதினாறு வருடத்தில் அந்தச் சுவர்களை அவர் அப்படிப் படித்து வைத்திருந்தார். வேறு இடத்துக்குப் போனால் என்ன ஆவார் என்று கொக்கக்காவுக்குத் தெரியும். ஒருமுறை உறவுக்காரர் வீட்டில் நான்கு நாள் தங்கியபோது பெரியக்கா கட்டிலை விட்டு இறங்கவே பயந்துபோய் உட்கார்ந்திருந்தாராம்.

"அக்கா போற வரைக்கும் இந்த ரூம் இருக்கணும், தங்கச்சி. அதுவரைக்கும் என் கால் நின்னாப் போதும். அப்புறம் ஒடிஞ்சாலும் நான் கேக்க மாட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நானும் தினமும் அதையே வேண்டிக்கொண்டேன்.

வலி வந்தது ஒரு கல் மாதிரிதான். இடது ஷூவுக்குள் கூழாங்கல் விழுந்துவிட்டது என்று கழற்றி உதறினார். எதுவும் விழவில்லை. மறுபடி போட்டார், மறுபடி கல். ஒரு நாளைக்கு மூன்று தடவை ஷூவை உதறுவார். கொக்கு கூடு கட்டக் கல் பொறுக்குகிறது என்று நாங்கள் கேலி செய்தோம். அவரும் சிரித்தார். பிறகு கல் நெருப்பானது. நடுவிரல் இரண்டும் மரத்துப்போயின. சாயங்காலம் அறைக்குப் போகும்போது குதிகாலால் நடந்து போனார். அப்போது நாங்கள் கேலியை நிறுத்திவிட்டோம்.

டாக்டரிடம் போகச் சொன்னோம். மாட்டேன் என்றார். நிற்கக்கூடாது என்று டாக்டர் ஒரு சீட்டு எழுதிவிட்டால் அது சூப்பர்வைசர் கைக்குப் போகும் என்று பயம். எந்த ஆஸ்பத்திரியின் கோட்டுகளையெல்லாம் தேய்த்தாரோ அந்த ஆஸ்பத்திரி வாசலை அவர் மிதிக்கவில்லை.

வேன்காரரின் மனைவிக்கும் இதே வலி இருந்ததாம். ஷூவுக்குள் வைக்கிற மெத்தை விற்கிறது, அதை வைத்ததில் குணமாகிவிட்டது என்று சொல்லி அவர் ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தார். திட்டு வாங்கினவரே வாங்கி வந்ததில் கொக்கக்காவுக்குக் கூச்சம். மெத்தை கண்ணாடி மாதிரி வழவழப்பாக, விரலால் அழுத்தினால் உள்ளே போய் மெல்ல மேலே வரும். முட்டை வடிவத்தில் சின்னதாக இருந்தது. அதோடு வந்த அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் என்னவோ போட்டிருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள், அந்தக் கூடத்தில் அது பெரிய படிப்பு. அதனால் அட்டை என் கைக்கு வந்தது. அந்த எழுத்து எனக்குத் தெரிந்த மொழியே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அட்டையில் ஒரு பாதத்தின் படம் இருந்தது. விரலுக்குக் கீழே ஒரு சிவப்பு வட்டம். இதோ இங்கேதான் வைக்கணும் என்று அந்த வட்டத்தைக் காட்டினேன்.

கொக்கக்கா யோசிக்கவே இல்லை, ஏனென்றால் பிரஸ் வேலையிலும் அதுதான் முறை. மெஷினின் மெத்தை தேய்ந்து பள்ளம் விழுந்தால் கோட்டில் தடம் பதியும். எங்கே பள்ளமோ சரியாக அங்கேயே ஒரு கம்பளித் துண்டை வெட்டி வைத்து மூட வேண்டும். ஒரு விரல் தள்ளி வைத்தால் வீண். பத்தொன்பது வருடமாக அதைச் செய்த கை. ஷூவுக்குள் விரலை விட்டு, உள்தோல் தேய்ந்து குழிந்திருந்த இடத்தைத் தடவி, அதற்கு நேர்மேல் மெத்தையை ஒட்டினார்.

இரண்டு வாரம் நன்றாக இருந்தது. கல் போய்விட்டது என்றார். குழாயடிக்குக் குடத்தோடு விறுவிறுவென்று போனார். பெரியக்கா காலடிச் சத்தத்தைக் கேட்டே, என்ன இன்னைக்குக் கொக்கு பறக்குது என்று கேட்டாராம். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். கொஞ்சம் என்னையும் மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் கல் திரும்பி வந்தது. மெத்தை அமுங்கிவிட்டது என்று நினைத்து, அதன்மேல் பழைய கம்பளித் துண்டை வெட்டி வைத்தார். ஷூ இறுகியது. விரல்கள் நெருக்கின. வலி கூடியது. கூடினதால் இன்னொரு துண்டு வைத்தார். பள்ளம் ஆழமென்றால் துண்டும் தடிமனாக வேண்டும், அவருக்குத் தெரிந்த கணக்கு அது. பிறகு ஒருநாள் கால்களை மாற்றி, வலது காலில் நின்று இடது காலால் மிதித்தார். மேல் தட்டு கோணலாக இறங்கிக் கோட்டுக் கையில் இரட்டை மடிப்பு விழுந்தது.

சூப்பர்வைசர் அந்தக் கோட்டைத் தூக்கிப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது தரவா என்று கேட்டார். அறை இருக்குமா என்று கொக்கக்கா கேட்டார். சூப்பர்வைசர் கோட்டை மடித்து வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து கொக்கக்கா பழையபடி இடது காலிலேயே நின்றார்.

ஒரு வியாழக்கிழமை முற்பகல். மேல் தட்டு இறங்கியது, நீராவி வந்தது, தட்டு மேலே போனது. அடுத்த கோட்டு விரியவில்லை. திரும்பிப் பார்த்தால் கொக்கக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த மெஷினுக்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கத்தவில்லை. இடது ஷூவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன்காரரும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால் பார்க்கிற டாக்டர் ஒரு இளம்பெண். அவர் கோட்டின் காலரைக் கொக்கக்கா கண் எடுக்காமல் பார்த்தார். கொக்கக்காவே தேய்த்த மடிப்பு அது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். விரலுக்குப் பின்னால் போகும் எலும்பில் கீறல். பழைய கீறல் ஒன்று, புதியது ஒன்று. பிறகு ஷூவை வாங்கி, கம்பளித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அடியில் அந்த வழவழப்பான மெத்தை நடுவில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

"இதை இந்த இடத்துல வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

நான் அந்தக் கம்பளித் துண்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"நானாத்தான் வெச்சேன், டாக்டரம்மா" என்றார் கொக்கக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் ஒரு புது மெத்தையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே வைத்தால் பாரம் முழுவதும் அங்கேதான் போய் நிற்கும். ஒரு விரல் அளவு பின்னால் வைத்தால் பாரம் பின்னாலேயே தங்கிவிடும், முன்னால் இருக்கும் எலும்புகள் நெருக்காமல் விரிந்து கொடுக்கும். அட்டைப் படத்தில் இருந்த சிவப்பு வட்டம் வலியைக் காட்டியது, மெத்தையை அல்ல. முதலிலேயே அப்படி வைத்திருந்தால் எலும்பு தப்பித்திருக்குமா என்று நான் தனியாகக் கேட்டேன். ஒன்பது மணி நேரம் ஒரே காலில் நிற்கிறவருக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலைத்தான் இன்றுவரை திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதில் எனக்கு மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை.

இரண்டு மாதம் காலை ஊன்றக்கூடாது, அதன்பிறகும் மிதி வேலை கூடாது என்று சீட்டு எழுதினார்கள். அவர் பயந்த அதே சீட்டு. நான்தான் அதைச் சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கோட்டுகள் குவிந்தன. பத்து நாளில் புதுப் பெண் ஒருத்தி பிரஸ் மெஷினுக்கு வந்தாள். கைக்குழந்தைக்காரி. புருஷனோடு எங்கோ ஒரு கிடங்கில் படுத்துக்கொண்டு அறைக்காகக் காத்திருந்தாள். கொக்கக்கா அறையைக் காலி செய்யச் சூப்பர்வைசர் இரண்டு மாதம் தவணை வாங்கிக் கொடுத்தார். அதற்குமேல் அவர் கையில் இல்லை. அந்த இரண்டு மாதமும் புதுப் பெண் குழாயடிக்கு வந்தால் கொக்கக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வைத்த வணக்கத்துக்குக்கூடப் பதில் இல்லை.

போவதற்கு முந்தின வாரம் கால்கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் கொடுத்த மெத்தையைச் சரியான இடத்தில் வைத்து, ஷூவைப் போட்டுக்கொண்டு, அறைக்குள் நான்கு எட்டு நடந்தார்.

"கல்லே இல்ல, தங்கச்சி. பாரேன், இப்பப் போய்" என்றார்.

அவர்களின் தம்பி வீடு வேறு ஊரில், மாடியில். வேன்காரர்தான் வண்டி கொண்டுவந்தார். பெரியக்கா பொத்தான் டப்பாவை என்னிடம் கொடுத்தார். அதில் இருப்பதெல்லாம் ஆஸ்பத்திரிப் பொத்தான், நாம் கொண்டுபோகக்கூடாது என்றார். பிறகு அங்கே படி எத்தனை என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கதவு நிலையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை தடவினார். வெளியே வந்து எண்ணிக்கொண்டே நடந்து, ஏழாவது எட்டில் இருக்கும் மேட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார். ஆனால் வண்டி குழாய்ப் பக்கம் நிற்கவில்லை, வலது பக்கம் நின்றது. அங்கே மேடும் இல்லை. தூக்கிய கால் வெறும் காற்றில் கொஞ்ச நேரம் நின்றது. கொக்கக்கா அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

நான் அந்தக் கம்பளியைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுபோயிருந்தேன். இத்தனை வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. மாடி வீட்டுத் தரையில் போட்டுக்கொள்ளுங்கள் என்று வண்டி ஜன்னல் வழியாக நீட்டினேன். கொக்கக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு தடவை தடவிப் பார்த்தார். சலவைக்கூடத்துக்குள்ளிருந்து பிரஸ் மெஷினின் நீராவிச் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அவர் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். வண்டி கிளம்பும்போது கம்பளியைத் திரும்ப என் கையில் வைத்தார்.

"அந்தப் பொண்ணு வெறுந்தரையில நிக்கிறா. அவ இடது கால் பக்கமாப் போடு."