காற்றாடிப் படகில் பறந்த என் ஷால்

இன்று மணக்குடி காயலில் காற்றாடிப் படகில் ஏறினேன். பின்னால் ஆள் உயர விசிறி சுழன்று காற்றைத் தள்ள, படகு தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. பிரேக் கிடையாது. சத்தத்தில் காது அடைத்துவிடும்.

கரையில் தங்கை போட்டோ எடுக்கிறாளே என்று கழுத்தில் சுற்றியிருந்த புது ஷாலின் முனையைப் பறக்கவிட்டேன். அது நேராக விசிறியின் கம்பிவலைக்குப் போனது. பின்சீட்டில் இருந்த, முன்பின் தெரியாத குளச்சல் அக்கா தாவி அதைப் பிடித்தார்; கரை சேரும்வரை விடவில்லை.

இறங்கியதும் வைதார். “ஏட்டி, எத்தன மட்டம் விளிச்சேன், கேக்கலியா? கழுத்துல்லா போயிருக்கும்!”

“ஒண்ணும் கேக்கலக்கா” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போட்டோவில் ஷாலும் அந்தக் கையும்தான் விழுந்திருக்கின்றன. அதுதான் இனி என் புரொஃபைல் படம்.

முகம் எங்கே என்று கேட்கப்போகிறவர்களுக்கு: அது கழுத்துக்கு மேலே பத்திரமாக இருப்பதே அந்தக் கையால்தான்.