ஆறாம் நாள் இரத்தம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, இழைமணி என்றால் என்னவென்று சொன்னவள் அடுத்த வீட்டுப் பிள்ளை. மருத்துவ பீடத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். நோய்க் கிருமிகளோடு சண்டை பிடிக்கும் வெண்குருதிக் கலங்களுக்கு உள்ளே இருந்து, அந்தச் சண்டைக்கு வேண்டிய சக்தியை உண்டாக்குவது இழைமணிதானாம். பட்டினி கிடந்தால் அது சீனியை விட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது அந்தக் கலங்கள் திறமாகச் சண்டை பிடிக்குமா, சோர்ந்துபோகுமா என்பதே அவளுடைய கேள்வி. ஆறு நாள் தண்ணீரோடு மட்டும் விரதம் கிடக்கிறவர்களைத் தேடி, கந்தசஷ்டிக்கு எங்கள் கோயிலுக்கு வந்தாள்.

பத்துப் பேர் சம்மதித்தோம். என் மனைவியும் ஒருத்தி. விரதம் தொடங்குமுன் ஒரு தடவை இரத்தம் எடுத்தாள். இரண்டாம் தடவை ஆறாம் நாள் காலையில், கோயில் மடத்தில்.

இடையில், நான்காம் நாள், கொடிகாமச் சந்தைக்குப் பயற்றங்காய் கொண்டுபோனேன். வாங்குகிற முதலாளி தேநீரும் வடையும் நீட்டினார். விரதம் என்று சொன்னால், என்ன விரதம், எத்தனை வருடமாக என்று கேட்பார். சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சாப்பிடுவது சுலபமாக இருந்தது.

ஆறாம் நாள் வரிசையில் நான்தான் முதல் ஆள். பிள்ளை இரத்தம் எடுக்க என் கையில் பட்டியைக் கட்டினாள்.

"தண்ணி மட்டும்தானே, மாமா? ஒராள் பிழை விட்டாலும் என்ரை முடிவு முழுக்கப் பிழைச்சுப்போடும்."

"உதென்ன கேள்வி, பிள்ளை?" என்றாள் பின்னால் நின்ற மனைவி. "இந்த மனுசன் இருபது வருசமா விரதம் பிடிக்கிறார்."

"நாலாம் நாள் வடை சாப்பிட்டனான்" என்றேன்.

"ஒண்டோ?"

"மூண்டு. தேத்தண்ணியும்."

"சீனி போட்டோ?"

"ஓம்."

"ஐயோ, இவரை நம்பி ஊரெல்லாம் சொல்லிப்போட்டன்!" என்றாள் மனைவி.

வரிசையின் கடைசியில் இருந்து ஒருவர் கேட்டார்: "பிள்ளை, வெறும் தேத்தண்ணி சாப்பாட்டிலை சேருமோ?"

பிள்ளை வரிசையை ஒருமுறை பார்த்தாள். என் கைப்பட்டியை அவிழ்த்தாள். மேசையை உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒவ்வொராளாத் தனிய வாங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. விரதம் காத்தவர்கள் முழங்கையில் பஞ்சோடு வெளியே வந்தார்கள். மற்றவர்கள் வெறுங்கையோடு வந்து, சாமி கும்பிடப் போனார்கள். என் மனைவி மற்றவர்களுக்கு வழி விட்டு, கடைசியாகப் போனாள். அவளுக்குத்தான் அதிக நேரம் எடுத்தது.

பிள்ளை பெட்டியை மூடிக்கொண்டு வந்தாள். "நாலு பேரின்ரை இரத்தம் இருக்கு, மாமா. ஆராய்ச்சிக்கு அது காணும். நீங்கள் சொல்லாட்டி பத்தும் பிழையாப் போயிருக்கும்."

மனைவி சேலைத் தலைப்பால் முழங்கையை மூடியிருந்தாள். உள்ளே பஞ்சு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அவளும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.