பிளவக்கல்லில் விரால் பிடித்த காலை

காலை ஐந்தே கால். ராஜபாளையம் பேருந்து நிலையம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் நான்கு பேர்: நான், மனைவி செல்வி, அவளுடைய அப்பா, அம்மா. கையில் ஒரு டிபன் கேரியர், கட்டையில் சுற்றிய தங்கூஸ் நைலான் நரம்பு இரண்டு, காகிதத்தில் மடித்த தூண்டில் முட்கள். கூமாப்பட்டியைத் தாண்டிப் பிளவக்கல் அணையில் விரால் பிடிக்கப் போகிறோம்.

"செல்வி, ஒம் புருசன் காப்பி குடிச்சாரான்னு கேளு" என்றார் மாமா. நான் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"குடிச்சிட்டேன்னு சொல்லு" என்றேன்.

செல்வி இரண்டு பேரையும் முறைத்தாள். இரண்டு வருடமாக இவளுக்கு இதே வேலை.

தப்பு என்னுடையது. மாமா முப்பது வருடம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர், எனக்காக மேனேஜரிடம் போய் நின்று வேலை வாங்கிக் கொடுத்தார். பஞ்சுத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க இருமல். அதை அவரிடம் சொன்னால் அவர் மில்லையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயந்து, செல்வியையும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஆறாம் மாதம் மேனேஜர் மேசையில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. நான் போனது மாமாவுக்கு மேனேஜர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து என்னோடு நேர்ப் பேச்சு கிடையாது. அவர் ஓய்வுபெற்ற மறுமாதம் "ஒங்களுக்கு என்னப்பா ஆசை?" என்று செல்வி கேட்டிருக்கிறாள். "ஒரு விரால் பிடிக்கணும்" என்றாராம். மீனைவிடப் பெரிதாக வேறொன்றைப் பிடிக்கத் திட்டம் போட்டாள் அவள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றரை ரூபாய். அங்கே இறங்கி அணைக்குப் போகும் பேருந்தைப் பிடித்தோம். கிருஷ்ணன்கோவிலில் மதுரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் காற்று மாறிவிட்டது. வத்திராயிருப்பைத் தாண்டினால் இருபுறமும் நெல்லும் தென்னையும்தான். எதிரே மலை, இடுப்பு வரை பனி. மாமாவின் கையிலிருந்த நரம்புக் கட்டையைக் கண்டக்டர் பார்த்தார்.

"போறப்ப ஆளுக்குத்தான் டிக்கெட். வாறப்ப மீன் பெருசா இருந்தா லக்கேஜ் போட்டுருவேன் பெரியவரே" என்றார். மாமா சிரித்தார். அவர் பல்லைப் பார்த்து எனக்கு எவ்வளவு நாளாயிற்று!

ஏழே கால் மணிக்கு அணை. மழைக்காலம் முடிந்து தண்ணீர் நிறைந்து கிடந்தது. முன்பே பேசிவைத்த பரிசல்காரர் சின்னப்பாண்டி கரையில் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், தலையில் துண்டு, கையில் ஒரு சின்னப் பானை, அதற்குள் தவளைகள். மீன் குத்தகை எடுத்தவரிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தார். பரிசலுக்கு நாற்பது ரூபாய், பிடிக்கிற மீன் நமக்கு.

"என்னையச் சேத்து மூணு பேருதான். அதுக்கு மேல ஆகாது" என்றார்.

"அம்மாவுக்குத் தண்ணின்னா பயம். நான் தொணைக்கு இருக்கேன்" என்று செல்வி சட்டென்று கரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை வேண்டுமென்றே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசலில் எடை சமமாக இருக்க வேண்டும் என்பதால் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார் சின்னப்பாண்டி. முழங்காலும் முழங்காலும் முட்டின. மாமா மலையைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். தவளையை முள்ளில் கோத்து, பாசி படர்ந்த ஓரத்தில் வீசி, மெல்ல இழுத்துவர வேண்டும். விரால் கவ்வினால் உடனே சுண்டக் கூடாது. ஐந்து எண்ண வேண்டும். சின்னப்பாண்டி இதை எனக்கு மூன்று தடவை சொன்னார்.

எட்டு மணி பத்து நிமிடம். பாசிக்கு நடுவே தண்ணீர் குபுக்கென்று பொங்கியது. மூன்று தடவை கேட்ட பாடம் ஒரு நொடியில் பறந்தது. சுண்டினேன். பாதித் தவளை மட்டும் திரும்பி வந்தது.

மாமா பரிசல்காரரைப் பார்த்தார். "எதுலயும் அவசரம் ஆகாதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க."

சின்னப்பாண்டி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "அவிய ஒங்களுக்கு முன்னாடிதான இருக்காக? நான் துடுப்பு போடவா, ஒங்களுக்கு நடுவுல தாக்கல் சொல்லவா? செத்த நேரம் ரெண்டு பேரும் பேசாம இருங்க, மீனு ஓடிரும்."

பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறிமாறி வீசி இழுத்தோம். பனி விலகி, மலை முழுசாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். பேசக் கூடாது என்ற உத்தரவு எனக்கு வசதியாகப் போயிற்று. நான் கோழை, அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஒன்பதரை இருக்கும். சின்னப்பாண்டி பாசியில் சிக்கிய துடுப்பை இரண்டு கையாலும் உருவிக்கொண்டிருந்தபோது என் நரம்பு விர்ரென்று ஓடியது.

"மாப்ளே! இழுக்காதீக! நூல விடுங்க... ஒண்ணு... ரெண்டு... விடுங்க, விறைச்சா அறுந்துரும்... நாலு... அஞ்சு! இப்பம் இழுங்க!"

முப்பது வருடம் நூல் அறுகிற இடத்தையே பார்த்த கண் அது. மாமா முன்னால் சாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பரிசல் சுற்றியது, சின்னப்பாண்டி கத்தினார், விரால் உள்ளே வந்து விழுந்தது. ஒரு முழ நீளம், கன்னங்கரேலென்று.

"கழுத்தப் பிடிங்க மாப்ளே, வழுக்கிரும்."

பிடித்தேன். அந்தப் பிடியை விடாமலே, "மாமா, அன்னைக்கு ஒங்ககிட்டச் சொல்லாமப் போனது தப்பு" என்றேன். அவர் நரம்பைக் கட்டையில் சுற்றினார். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல் அவ்வளவு ஒழுங்காக.

கரையில் செல்வி, "யாரு பிடிச்சது?" என்றாள்.

"மாப்ளதான்" என்றார் மாமா. அத்தை டிபன் கேரியரைத் திறந்தார். ஐந்து இட்லி சாப்பிட்டேன்.

மதியம் ராஜபாளையத்தில் விரால் குழம்பு. அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

மாலை நாலரை. மதுரைப் பேருந்து. எண்பத்தைந்து கிலோமீட்டர். இந்த இரண்டு வருடத்தில் நாங்கள் கிளம்பும்போதெல்லாம் மாமா வீட்டு வாசலோடு நின்றுவிடுவார். அன்று நிலையம் வரைக்கும் வந்து, ஜன்னலில் என் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். வண்டி உறுமியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"காலைல பனியில ரெண்டு மணி நேரம் எதிர்லயே இருந்தேன். ஒரு தடவகூட நீங்க இருமல."

"இப்ப இல்ல மாமா."

"பஞ்சுத் தூசி இருமலு எனக்குத் தெரியாதா? நீங்க போன பொறவுதான் ரோசிச்சேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா, அன்னைக்கும் இதே மாதிரி நானே வந்து பஸ் ஏத்தி விட்டிருப்பேனே மாப்ளே."

பேருந்து நகர்ந்தது. தொண்டையில் ஏதோ வந்து அடைத்தது. இருமினால் பயந்துவிடுவாரே என்று, அவர் கண்ணிலிருந்து மறையும்வரை அடக்கிக்கொண்டிருந்தேன்.